அரிசிப் பானைக்குள் இருந்த கிளினிக் கொப்பி

காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள் காலையில்தான் அந்த அம்மா எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு வந்து சேர்ந்தார். முதல்நாள் மாலையே குளிர் பிடித்திருக்கிறது. பனடோல் போட்டிருக்கிறார், கொஞ்சம் தணிந்திருக்கிறது, மறுபடி போட்டிருக்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிப் பத்தாவது நாள். கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்டேன். மகள் தரையைப் பார்த்தாள். வீட்டில் அரிசிப் பானைக்குள் இருக்கிறதாம். வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்று தாயே ஒளித்து வைத்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அயலுக்கு "கண் கிளினிக்" என்று சொல்லி வந்திருக்கிறார். இரவில் ஆட்டோ கூப்பிட்டால் நாலு வீட்டு விளக்கு எரியும், கேள்வி வரும் என்று விடியும்வரை பொறுத்திருக்கிறார்.

மருந்து ஏற்றிய 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில்தான் பெரும்பாலானவர்களுக்கு இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் உடற்சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அதாவது பரனைட்டில் 100.4, அது மழைக்காலத்துத் தடிமன் காய்ச்சல் போன்றதல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து நரம்பு வழியாக அன்ரிபயோட்டிக் ஏற்ற வேண்டும். பனடோல் சூட்டைக் குறைத்துக் காட்டும், தொற்று தன் பாட்டில் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அந்த அம்மா தப்பியது அவருடைய நல்ல காலம்.

(அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஏன் ஒளித்தார்? மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "தாய்க்குக் கான்சர் என்றால் பரம்பரை வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள், பிள்ளை" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானவைதான் பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகின்றன. ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில், மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால் டொக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். மற்றபடி இது கல்யாணத் தரகர் விசாரிக்கிற சங்கதி அல்ல.

தொற்றும் என்று பயந்து தனிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கதிர்ச் சிகிச்சை எடுத்தவரின் உடலிலிருந்து கதிர் வீசுவதும் இல்லை, பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்திருக்கலாம். மருந்து ஏற்றிய முதல் இரண்டு நாட்கள் மட்டும் சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் அந்த மருந்து வெளியேறும் என்பதால் மலசலகூடத்துக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, துப்புரவு செய்கிறவர் கையுறை போட்டுக்கொண்டால் போதும். சிவப்பு நிற மருந்து ஏற்றிய ஒருவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கண்டு, "இரத்தம் போகிறது, இனி முடிந்தது" என்று ஊரெல்லாம் கதை பரவியது எனக்குத் தெரியும். அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது மறுபக்கத்தில்தான். வருத்தக்காரரிடமிருந்து நமக்கு எதுவும் வராது, நம்மிடமிருந்துதான் அவருக்கு வரும். தடிமனோடு, அம்மாள் வருத்தம் வந்த பிள்ளையோடு பார்க்கப் போகிறவர்கள் அன்பால்தான் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். ஒருவர் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறவர், ஆகவே நாட்களை எண்ணிப் பார்த்தோம். பொங்கல் மருந்து ஏற்றிய மூன்றாவது கிழமையில் விழுந்தது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டொக்டரும் சம்மதித்தார். அம்மாளாச்சியே நாள் பார்த்துத் தந்தாள் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு பேச்சு இருக்கிறது. "முள்ளிவாய்க்காலில் தப்பி வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வருத்தமா?" தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் ஒரு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போது பயந்து அழ நேரமில்லை, மிஸ். இப்போதாவது அழவிடுங்கள்" என்றார். அதன்பிறகு அந்த வசனத்தை நான் விட்டுவிட்டேன். அவருடைய முதுகில் 2009ஆம் ஆண்டின் ஷெல் குண்டுத் துண்டொன்று இன்னும் இருக்கிறது. உடம்பில் அப்படி இரும்பு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை அசைக்கக்கூடும். வலிக்கவில்லை, மறந்துபோனேன் என்று சொல்கிறவர்கள் இங்கே அதிகம்.

பார்க்க வருகிறவர்களில் எனக்குக் கோபம் வருவது செத்த கதை சொல்கிறவர்கள் மீதுதான். கட்டிலருகில் இருந்துகொண்டு, "எங்கள் சித்திக்கும் இதே வருத்தம்தான்..." என்று தொடங்குவார்கள். அந்தக் கதை எங்கே முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் அன்னமுன்னா இலைக் கசாயத்தோடு வருவார். கசாயம் கொண்டுவந்தவரோடு சண்டை வேண்டாம், வாங்கி வைத்துவிட்டு கிளினிக்கில் கேளுங்கள். ஏற்றும் மருந்தோடு முட்டிக்கொள்ளும் மூலிகைகள் உண்டு. கசாயத்தை நம்பி கிளினிக்கை விட்டவர்கள் பல மாதம் கழித்து முற்றிய நோயோடு திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப்போகிற நோயாளிகளுக்கு நான் சொல்வது, வீட்டில் ஒருவரைப் பேச்சாளராக்குங்கள் என்பதுதான். மச்சான் ஒருவரோ பெறாமகளோ போதும். கேட்கிறவர்களை அவரிடம் அனுப்பிவிடலாம். வாய் புண்ணாகியிருக்கிற நாளில் ஒரே கதையை ஒன்பது பேருக்குச் சொல்வது லேசான வேலையா? முடி கொட்டுவது அநேகமாக இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கும். அதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை சொல்லி அவர்கள் அறிய வேண்டாம். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி திரும்ப முளைக்கும், சிலருக்குச் சுருளாகவும் வரும்.

அரிசிப் பானை அம்மாவின் வீட்டுக்குப் பிறகு ஒருநாள் போனேன். கொப்பி கலண்டர் ஆணியில் தொங்கியது, அட்டையில் ஆட்டோக்காரத் தம்பியின் இலக்கம் பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "அடுத்த கிளினிக் வியாழனா வெள்ளியா? மாட்டை நான் அவிழ்த்துக் கட்டவேண்டும்" என்று கேட்டார்.