பிரசவ வலியை வரவழைக்கும்போது முதல் நாள் ஏன் நீளுகிறது?

“வலிக்கு மருந்து வைக்கலாம்” என்று நாங்கள் சொன்னதும், கேட்பவர் மனத்தில் பெரும்பாலும் எழுவது ஒரே ஒரு ஊசியும் சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும் குழந்தையும்தான். முதல் பிரசவத்தில் அப்படி நடப்பது அரிது. ஒரு நாள் முழுவதும் ஆகலாம், இரண்டாம் நாளுக்கும் நீளலாம். இதை முன்னதாக யாரும் எடுத்துச் சொல்லாததால், நல்லபடியாக முன்னேறிக்கொண்டிருக்கும் பெண்கள்கூட மாலைக்குள் மனம் தளர்ந்து, “ஆபரேஷனே செய்துவிடுங்கள்” என்று கேட்பதை மகப்பேறு மருத்துவராகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

41 வாரம் ஆகியும் வலி வராதது, இரத்த அழுத்தம் உயர்வது, சர்க்கரை நோய், பனிக்குடம் உடைந்த பிறகும் வலி தொடங்காதது, குழந்தையின் வளர்ச்சி குன்றுவது ஆகியவை வலியை வரவழைப்பதற்கான முக்கியக் காரணங்கள். குழந்தை உள்ளே இருப்பதைவிட வெளியே வருவதே பாதுகாப்பு என்ற நிலை வந்தால்தான் இந்த முடிவை எடுக்கிறோம். உங்களுக்கு எந்தக் காரணம் பொருந்துகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ, குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ இந்த வழிக்கே இடமில்லை.

நேரம் பிடிப்பதற்குக் காரணம் கர்ப்பப்பை வாய். கர்ப்பக் காலம் முழுவதும் குழந்தையைத் தாங்கி இறுக மூடியிருந்த அந்தப் பகுதி, முதலில் மென்மையாகி, பிறகு குறுகி மெலிந்து, அதற்குப் பின்பே திறக்கிறது. பழுக்காத வாயைத் தொட்டால் மூக்கு நுனியைத் தொடுவதுபோல இருக்கும். பழுத்த பின் உதட்டைத் தொடுவதுபோல இருக்கும். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் சேர்த்து 13-க்கு மதிப்பிடும் முறையை எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964-ல் வெளியிட்டார். 8-க்கு மேல் வந்தால் வாய் தயார் என்று கொள்கிறோம்; 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முதலில் பழுக்க வைக்க வேண்டும்.

அதற்கு ஜெல் வைக்கலாம், மிசோப்ரோஸ்டால் மாத்திரையை 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில் இடைவெளி விட்டுத் தரலாம், அல்லது மருந்தே இல்லாத ஃபோலி பலூனைப் பயன்படுத்தலாம். மெல்லிய குழாயைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, நுனியில் உள்ள பலூனில் 30 முதல் 60 மில்லி வரை நீர் நிரப்பினால், அது மெதுவாக அழுத்தி வாயைத் திறக்கும். ஏறக்குறைய 3 செ.மீ. திறந்ததும் தானாகவே நழுவி வெளியே வந்துவிடும். குழாய் விழுந்துவிட்டதே என்று பதறி நர்ஸை அழைக்கும் பெண்களுக்கு அது நல்ல செய்தி என்று சொல்லும்போது, அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குப் பழைய தையல் பிரியும் அபாயம் இருப்பதால் மிசோப்ரோஸ்டால் தருவதில்லை. அந்த விவரத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

41 வாரம் முடிந்த ஒரு பெண்ணுக்குக் காலையில் ஜெல் வைத்தோம். மாலையில் நான் பரிசோதித்தபோது வாய் காலையில் இருந்த அதே ஒரு விரல் அளவில்தான் இருந்தது. “ஒன்றுமே நடக்கவில்லையா டாக்டர்?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் காலையில் தடித்து நீண்டிருந்த வாய் அப்போது பாதியாகக் குறுகி, நன்றாக மென்மையாகியிருந்தது. “திறப்பதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை நடந்திருக்கிறதம்மா” என்று விளக்கினேன். மறுநாள் மதியம் அவருக்குச் சுகப்பிரசவம் ஆனது.

வாய் பழுத்த பிறகு பனிக்குடத்தை உடைத்து, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ட்ரிப்ஸைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவோம். தானாக வரும் வலியைவிட இந்த வலி விரைவில் வலுப்பதாகப் பலர் சொல்கிறார்கள். எபிடூரல் (முதுகு வழியே தரும் வலி மரப்பு மருந்து) முதலான வலி நிவாரணங்களைப் பற்றி முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்து, இடைவெளியில்தான் மீள்கிறது. ஆகவே 10 நிமிடத்துக்கு 5 முறைக்கு மேல் வலி வந்தால் ட்ரிப்ஸைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். ஆக்சிடோசின் சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பது இங்கே பெரிய பாதுகாப்பு. குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிப்பதும் இதற்காகவே.

வலியை வரவழைத்தாலே சிசேரியனில்தான் முடியும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் சிக்கலில்லாத முதல் கர்ப்பத்தில் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 39-ஆம் வாரத்தில் வலி வரவழைக்கத் திட்டமிட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது. பனிக்குடம் உடைந்து ட்ரிப்ஸ் தொடங்கிய பிறகும், தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, 12 முதல் 18 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பின்பே முயற்சி பலிக்கவில்லை என்று முடிவு செய்வது முறை. குழந்தையின் துடிப்பு தொடர்ந்து தளர்ந்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டோம். அப்போது அறுவை சிகிச்சைதான் சரியான வழி.

வார்டில் இருக்கும்போது வலி இடைவெளியே இல்லாமல் வந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாகத் தெரிந்தாலோ, இரத்தம் பெருகினாலோ, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ, அடுத்த பரிசோதனை நேரம் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸை அழையுங்கள்.