எட்டில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை: அரசுச் செலவு வளர்ந்த விதம்

முதலாம் உலகப் போர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் பிரிட்டன் அரசு செய்த மொத்தச் செலவு அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இருந்தது. ஸ்வீடனில் அது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் அதனினும் குறைவு. இன்று பிரிட்டனில் அந்த அளவு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிரான்சில் பாதிக்கு மேல் சென்று 57 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. விலைவாசியும் மக்கள்தொகையும் மாறிக்கொண்டே இருப்பதால், நூறாண்டுக்கு முந்தைய தொகையை இன்றைய தொகையுடன் நேரடியாக ஒப்பிடுவதில் பொருளில்லை. அதனால்தான் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரசுச் செலவு எத்தனை சதவீதம் என்று பொருளியலாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்தச் சதவீதத்தைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 57 சதவீதம் என்றவுடன், நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அரசே செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியருக்குத் தரும் சம்பளமும் முதியவருக்குத் தரும் ஓய்வூதியமும் அரசுச் செலவில் ஒன்றாகவே சேர்கின்றன. ஆனால் முதலாவது ஒரு சேவையை உருவாக்குகிறது. இரண்டாவது ஒருவரிடம் வரியாக வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவது மட்டுமே. அந்தப் பணத்தைக் கொண்டு எதை வாங்குவது என்பதை முதியவரே முடிவு செய்கிறார். மேலும், பொருளாதாரம் சரியும் ஆண்டில் அரசு ஒரு காசுகூடக் கூடுதலாகச் செலவிடாவிட்டாலும், வகுக்கும் எண்ணான உற்பத்தி சுருங்குவதால் சதவீதம் தானாகவே ஏறிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசின் செலவுப் பட்டியல் மிகச் சிறியது: படை, நீதிமன்றம், நிர்வாகம், பழைய போர்களுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி. நெப்போலியனுடனான போர் 1815-இல் முடிந்த பிறகு, பிரிட்டன் அரசின் செலவில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிற்று. ஏழைகளைப் பராமரிப்பதும் குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லித்தருவதும் பெரும்பாலும் குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் உரிய வேலைகளாகக் கருதப்பட்டன.

இது மாறும் என்று முன்கூட்டியே கண்டவர் ஜெர்மானியப் பொருளியலாளர் அடால்ஃப் வாக்னர். நாடு தொழில்மயமாகிச் செல்வம் பெருகும்போது, அரசின் செலவு அந்தச் செல்வத்தைவிட வேகமாக வளரும் என்பது அவர் கருத்து. அவர் காலத்திலேயே, தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஆட்சியில் ஜெர்மனி 1883-இல் மருத்துவக் காப்பீட்டையும், 1884-இல் விபத்துக் காப்பீட்டையும், 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கியது. பிரிட்டன் 1908-இல், 70 வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை தரச் சட்டம் இயற்றியது. அன்று பலர் அந்த வயதை எட்டாததால் செலவு கட்டுக்குள் நின்றது. இத்தகைய சட்டங்களின் விலை இயற்றப்பட்ட ஆண்டில் தெரிவதில்லை. மக்களின் ஆயுள் நீள நீள, சட்டத்தின் ஒரு சொல்கூட மாறாமலேயே செலவு ஏறுகிறது.

போர்களே காரணம் என்போர் உண்டு. பீகாக், வைஸ்மேன் என்ற இரு பொருளியலாளர்கள் பிரிட்டனின் கணக்குகளை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்ட முடிவு இது: சாதாரணக் காலத்தில் மக்கள் ஏற்காத வரிச்சுமையைப் போர்க்காலத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள், போர் முடிந்த பின் செலவு இறங்கினாலும் பழைய மட்டத்துக்குத் திரும்புவதில்லை. பிரிட்டனின் அரசுச் செலவைக் காட்டும் வரைபடம் உண்மையிலேயே படிக்கட்டு போலத்தான் ஏறுகிறது. ஆயினும் இந்த விளக்கம் பாதிதான் என்பது என் கருத்து. ஸ்வீடன் இரு உலகப் போர்களிலும் நடுநிலை வகித்த நாடு. 1990-களின் தொடக்கத்தில் வங்கி நெருக்கடியில் அது சிக்கியபோது, அதன் அரசுச் செலவு உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. பின்னரே பாதியளவுக்கு இறங்கியது. போர் ஏற்றத்தின் வேகத்தை விளக்கலாம், திசையை விளக்காது.

விருப்பம் மட்டும் இருந்தால் செலவு செய்துவிட முடியாது; வசூலிக்கும் திறனும் வேண்டும். அதிகம் பேசப்படாத இந்தப் பகுதியே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பழைய அரசுகள் துறைமுகத்தில் நின்று சுங்கம் வாங்கின. உப்புக்கும் சாராயத்துக்கும் வரி போட்டன. பிரிட்டன் 1799-இல் கொண்டுவந்த வருமான வரி, எதிர்ப்பு தாங்காமல் 1816-இல் நீக்கப்பட்டு, 1842-இல் திரும்பி வந்தது. அமெரிக்காவில் அதற்கு 1913-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் வளர்ந்து, ஒவ்வொரு தொழிலாளியின் கூலியும் ஒரு பேரேட்டில் பதிவான பிறகுதான் வருமானத்தை அரசு கண்ணால் பார்க்க முடிந்தது. அமெரிக்கா 1943-லும் பிரிட்டன் 1944-லும் சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கின. அதன்பின் கோடிக்கணக்கானவர்களிடம் தனித்தனியாகச் சென்று கேட்க வேண்டிய தேவை நீங்கியது. பெரும்பாலோர் பதிவில்லாத தொழில்களில் இருக்கும் ஏழை நாடுகளில் அரசுச் செலவு இன்றும் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1960-களில் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் பாமோல் இன்னொரு காரணத்தைச் சுட்டினார். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, இன்றும் அவ்வளவே தேவை. ஆலையில் இயந்திரம் வந்து உற்பத்தி கூடும்போது அங்கே கூலி உயர்கிறது. அதற்கு ஈடாகச் சம்பளத்தை உயர்த்தாவிட்டால் ஆசிரியரும் செவிலியரும் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் கவனிக்கும் மாணவர், நோயாளி எண்ணிக்கையை ஆலைபோல் பெருக்க முடியாது. அரசு ஏற்றிருப்பவை பெரும்பாலும் இத்தகைய பணிகள் என்பதால், அதே அளவு சேவையைத் தருவதற்கே செலவு ஆண்டுதோறும் கூடுகிறது.

1980-களுக்குப் பிறகு பணக்கார நாடுகள் பலவற்றில் மொத்த அளவு பெரிதாக ஏறவில்லை. உள்ளடக்கம்தான் இடம் மாறியது. 1960-இல் அமெரிக்க உற்பத்தியில் 9 சதவீதத்தை ஒட்டியிருந்த பாதுகாப்புச் செலவு இன்று 3 சதவீதம் அளவுக்குச் சுருங்கியுள்ளது. அது விட்ட இடத்தை ஓய்வூதியமும் மருத்துவமும் எடுத்துக்கொண்டன. கடனும் சேர்ந்து வளர்ந்தது. 2024 நிதியாண்டில் அமெரிக்கக் கூட்டரசு கட்டிய நிகர வட்டி, இராணுவத்துக்குச் செலவிட்ட தொகையை மிஞ்சிவிட்டது. 1815-க்குப் பிந்தைய பிரிட்டனில் வட்டி வாங்கியவர்கள் பழைய போருக்குக் கடன் கொடுத்தவர்கள். இன்றைய வட்டியின் பெரும்பகுதியோ, அமைதிக்காலத்தில் வரியைவிடக் கூடுதலாகச் செலவிட்ட ஆண்டுகளின் கணக்கு.