டானின்: நாக்கைப் பிடிக்கும் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர்?

தேயிலையை அதிக நேரம் கொதிக்கவிட்டு, பால் ஊற்றாமல் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். நாக்கு சொரசொரக்கும், கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கும். உமிழ்நீருக்கு வழவழப்பைத் தரும் புரதங்களைத் தேயிலையிலுள்ள டானின் என்ற பொருள் பிடித்துத் திரளவைப்பதால் வரும் உணர்வு அது.

அந்தப் பிடிப்பிலிருந்துதான் டானின் என்ற பெயரும் வந்தது. தோல் பதனிடுவதற்காக இடித்துவைத்த ஓக் மரப்பட்டைக்குப் பிரெஞ்சில் 'டான்' என்று பெயர். பட்டைச் சாறு தோலின் புரதத்தைப் பிடித்து, அழுகாமல் காக்கும். நம் ஊரில் அதே வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன.

தமிழில் 'துவர்' என்ற ஒரே சொல் சுவை, செந்நிறம், பாக்கு எல்லாவற்றையும் குறித்தது. காவி தோய்த்த துறவியர் உடை துவராடை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் நீரில் 'பத்துத் துவர்' ஊறியிருக்கிறது. பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்று அந்தப் பத்தையும் எண்ணுவார்கள். பெரும்பாலும் டானின் மிகுந்த பட்டைகளும் காய்களும்தான். வேதியியல் வருவதற்கு முன்பே நாக்கை வைத்து இவ்வளவு சரியாக ஓர் இனத்தைப் பிரித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி நொதித்த பானங்களுக்கு வருவோம். சிவப்பு வைனில் திராட்சைத் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே நொதிக்கின்றன; டானின் அவற்றிலிருந்து இறங்குகிறது. வெள்ளை வைனுக்குத் தோலை முன்பே நீக்கிவிடுவதால் துவர்ப்பு குறைவு. நொதிக்கவைத்த தேநீரான கொம்புச்சாவில் டானின் தேயிலையிலிருந்து வருகிறது. ஓக் பீப்பாயில் வைத்த வைனில் மரத்தின் டானினும் கலக்கும்.

டானின் மூலக்கூறு பெரிது. சிறுகுடல் அதை எளிதில் உறிஞ்சாது. பெரும்பகுதி பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகின்றன. ஓக், மாதுளை, வால்நட் ஆகியவற்றின் டானினிலிருந்து இப்படிப் பிறப்பது யூரோலித்தின். உயிரணுச் சோதனைகளிலும் எலிகளிலும் அது குடல் அழற்சியைத் தணித்திருக்கிறது. எல்லார் குடலிலும் அதை உருவாக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு வைன் குடலுக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆல்கஹால் குடல்சுவரின் உயிரணு இணைப்புகளைத் தளர்த்தி, பாக்டீரிய நச்சு இரத்தத்தில் கசிய வழிவிடுகிறது; அழற்சியை அதுவே தூண்டும். தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டானின் வேண்டுமென்றால் மாதுளையிலும் நாவற்பழத்திலும் இருக்கிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'தோல்பதனி' என்றால் தொழிற்சாலை மட்டுமே நினைவுக்கு வரும். 'துவர்ச்சத்து' இனிமையாக ஒலிக்கிறது, ஆனால் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாத பொருளைச் சத்து என்பது தவறான எண்ணம் தரும். 'துவர்ப்பி' படிகாரத்துக்கும் பொருந்திவிடும். அது டானின் இல்லை. நொதி, நொதியம் என்ற வழக்கையொட்டி 'துவரியம்' என்று சொல்லலாம் என்பது என் துணிபு. 'கடுக்காயில் துவரியம் மிகுதி' என்று எழுதினால், கடுக்காயை ஒருமுறை கடித்தவருக்குக்கூட உடனே விளங்கும்.