ஆற்றங்கரை மனைக்கும் கடலோரச் சட்டம் உண்டு: அடையாற்றை வைத்து ஒரு விளக்கம்

கடலோரத்தில் கட்டுமானம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சிஆர்இசட் என்றதும், கடற்கரையில் இடம் வைத்திருப்பவர்களின் கவலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அலைச் சத்தமே எட்டாத ஆற்றங்கரையிலும் அந்த விதி செல்லும். கையில் பட்டா இருப்பதும் இதற்கு விலக்கு ஆகாது.

சென்னை அடையாற்றையே எடுத்துக்கொள்வோம். சின்ன ஆறுதான், சுமார் 42 கிலோமீட்டர். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் விழுகிறது. கடைசிப் பகுதியில் ஆறு அகன்று, திட்டுகளும் சேற்று நிலமும் அலையாத்திச் செடிகளுமாகக் கிடக்கும். ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் வரும். வற்றும்போது சேறு வெளியே தெரியும், கொக்கும் உள்ளானும் இரை பொறுக்கும். ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் அலை தள்ளும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். பிறகு பொக்லைன் வைத்து வெட்டிவிட வேண்டும்.

இப்படி நாளுக்கு நாள் மாறும் இடத்தில் சட்டம் எதை வைத்துக் கோடு போடுகிறது? உப்பை வைத்து. ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில், ஆற்றுநீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு எந்த இடம் வரை இருக்கிறதோ, அதுவரை ஆறும் கடலின் கணக்கில் சேரும். கடல்நீரில் இது சுமார் 35 பங்கு. ஐப்பசி, கார்த்திகையில் அளந்தால் வெள்ளம் உப்பைத் தள்ளிவிடும், எல்லையும் கடலை நோக்கிச் சுருங்கிவிடும். அதனால்தான் கோடைக் கணக்கு.

அந்த நீளத்துக்கு இரு கரையிலும் எவ்வளவு தூரம்? ஒன்றிய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கைப்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இந்தக் குறைப்பு எந்த வகையில் நல்லது என்று எனக்குப் புரியவில்லை. அகலக் கணக்கால், முகத்துவாரத்தில் முழு 50 மீட்டரும் வரும். 20 மீட்டர் அகலமுள்ள ஓடை என்றால் 20 மீட்டரோடு முடிந்துவிடும். இன்னொன்று, இன்றைக்குத் தண்ணீர் நிற்கும் விளிம்பிலிருந்து டேப் பிடிக்கக் கூடாது. சிஆர்இசட் வரைபடத்தில் குறித்திருக்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்துதான், அதாவது ஓதம் ஏறும்போது நீர் எட்டும் மேல் எல்லையிலிருந்துதான், அளக்க வேண்டும்.

2019 விதி அறிவித்த நாளிலிருந்தே எல்லா இடத்திலும் செல்லுபடியாகிவிடாது. அதன்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கு ஒன்றிய அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகே நடைமுறை. அதுவரை 2011 விதிதான். ஆகவே உங்கள் பகுதிக்கு இப்போது எது பொருந்தும் என்பதை முதலில் கேளுங்கள்.

சிஆர்இசட்டுக்குள் வரும் இடங்களை வகை பிரித்திருக்கிறார்கள். அலையாத்தி, சேற்று நிலம், உவர்ச் சதுப்பு எல்லாம் முதல் வகை. கட்டுமானத்துக்கு அநேகமாக இடமே இல்லை. ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதி இரண்டாம் வகை. அங்கே முன்பே இருக்கும் சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், ஆற்றுப்பக்கமாகக் கூடாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு 300 சதுர மீட்டருக்குள் என்றால், 2019 விதியில் உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் தரலாம்; ஆனால் சிஆர்இசட் விதிக்கு உட்பட்டதா என்று பார்த்துத்தான் தர வேண்டும். சதுப்பில் மண் கொட்டி மேடாக்குவதும், குப்பை கொட்டுவதும், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதும் தடை.

2017 சதுப்புநில விதிகள் இங்கே கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். ஆற்றுப் போக்கையும், சிஆர்இசட்டுக்குள் வரும் இடங்களையும் அவை விலக்கிவைத்திருக்கின்றன. முகத்துவாரத்துச் சேற்றுக்கு இருக்கும் முக்கியக் காவல் சிஆர்இசட்தான். அதன் வரைபடத்தில் ஒரு திட்டு விடுபட்டால் அதைப் பிறகு மீட்பது பெரும்பாடு.

ஆகவே வரைபடத்தைப் பாருங்கள். சர்வே எண்ணோடு மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் கேட்கலாம். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. அதில் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். வரைவு வரைபடம் வந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும். வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம், பொதுக் களம் எதுவும் அதில் விடுபட்டிருந்தால் அப்போதே எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். யாராவது சதுப்பில் மண் அடித்தால் முதல் புகார் அந்த மாவட்டக் குழுவுக்கு, சர்வே எண்ணும் தேதியிட்ட படமும் சேர்த்து. அங்கே அசையவில்லை என்றால் சென்னையிலேயே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.