ஸ்கிராட்ச்: கீறலா, சிராய்ப்பா, தேய்மானமா?

டிஜிட்டல் கேமராவின் பின்பக்கத் திரையை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். அங்கே தெரிவது அத்தனைக்கும் நாம் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம்: ஸ்கிராட்ச். குறுக்கே ஓடும் ஒற்றைக் கோடும் ஸ்கிராட்ச், மூக்கு பட்டுப் பட்டு மங்கிய மூலையும் ஸ்கிராட்ச், பூச்சு போய்த் திட்டுத் திட்டாய் நிற்பதும் ஸ்கிராட்ச். தமிழில் இவை மூன்றும் வேறு வேறு சொற்கள். மூன்றுக்கும் வைத்தியமும் வேறு. சொல்லைச் சரியாகப் பிடித்துவிட்டால், துணியை எடுப்பதா வேண்டாமா என்பது தானே தெரிந்துவிடும்.

முதலில் ஆங்கிலச் சொல். இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் வந்தது. வட்டார வழக்கில் ஒரே பொருளோடு புழங்கிய ‘ஸ்கிராட்’, ‘கிராட்ச்’ என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்திருக்கலாம் என்பது அகராதிகள் தரும் விளக்கம். பூனை பிறாண்டுவது, முதுகைச் சொறிவது, கண்ணாடியில் கோடு விழுவது எல்லாம் அதற்குள் அடக்கம். நாம் பிறாண்டல், சொறிதல், கீறல் என்று பிரித்துப் பேசிப் பழகியவர்கள். திரை விஷயத்தில் மட்டும் ஏனோ பிரிப்பதை விட்டுவிட்டோம்.

‘கீறு’ என்ற வினை பழையது, குடும்பமும் பெரியது. மலையாளத்தில் ‘கீறுக’ என்றால் கிழிப்பது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘கீரு’ என்றால் கீறுவது. தெலுங்கில் கோட்டுக்குப் பெயர் ‘கீத’. ஈழத் தமிழில் இன்றும் படம் கீறுகிறார்கள், அதாவது வரைகிறார்கள். பிறைக்கீற்று, ஒளிக்கீற்று எல்லாம் இதே வேர்தான். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒரு கோடு. ஆகவே கீறல் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள தனிக்கோடு. கூரான ஏதோ ஒன்று ஒருமுறை இழுத்துவிட்டுப் போன தடம். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோமே, அந்தக் கீறல். நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் தட்டி நிற்கும். அப்படி நின்றால் அது ஆழமானது, தேய்த்துப் போக்க நினைப்பது வீண்.

எது எதைக் கீறும் என்பதற்கு ஓர் அளவுகோலே உண்டு. 1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் வகுத்தது. மிக மென்மையான டால்க் கனிமம் 1, மிகக் கடினமான வைரம் 10; எண் கூடியது குறைந்ததைக் கீறும். நகம் ஏறத்தாழ 2.5, சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில். மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7. சட்டை நுனியால் திரையைத் துடைத்ததும் கோடு விழுந்தால் துணியைத் திட்டிப் பயனில்லை. துணிக்கும் திரைக்கும் நடுவே அகப்பட்ட மணல்துகள் செய்த வேலை அது. பல கேமராக்களில் மேலே இருப்பது கண்ணாடிகூட இல்லை, அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு; அதற்கு இன்னும் குறைந்த எதிரியே போதும்.

சிராய்ப்புக்கு முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமாகக் கிழியவில்லை, ஆனால் ஓர் இடம் முழுக்க எரிகிறது. மரத்தில் கிளம்பி நிற்கும் சிம்புக்குச் ‘சிராய்’ என்று பெயர். சொரசொரப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. திரையில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் ஒரே இடத்தில் நெருங்கி, தனித்தனியாகத் தெரியாமல் பனிமூட்டம் போலத் தெரிந்தால் அதைச் சிராய்ப்பு என்பதே பொருத்தம். கழுத்தில் தொங்கும் கேமரா சட்டைப் பொத்தானிலும் இடைவார்க் கொக்கியிலும் உரசி உரசி வருவது. நகம் இதில் தட்டாது. வைத்தியம் பலிப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

தேய்மானம் வேறு கதை. வருமானம், கட்டுமானம் வரிசையில் ‘மானம்’ சேர்ந்த சொல் இது. புதிதாக ஒன்று விழுவதில்லை, ஏற்கெனவே இருந்தது போகிறது. திரையின் மேல் கண்கூச்சத்தைக் குறைக்க ஒரு மெல்லிய பூச்சு பூசியிருப்பார்கள். வியர்வையும் விரலும் பட்டு அது இடையிடையே போய்விட்டால் தீவுக்கூட்டம் மாதிரித் தோன்றும். நானும் அதைச் சிராய்ப்பு என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். தீவு பெரிதானதுதான் மிச்சம். அவ்வளவு தேய்த்த பிறகுதான் ‘தேய்மானம்’ என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது.

இனி ‘கீறல் நீக்கி’ என்று புட்டிகளில் அச்சிடுகிறார்களே, அந்த நீக்கம். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தின் விளிம்பை மழுக்கலாம், அல்லது பள்ளத்தை எதையாவது இட்டு நிரப்பலாம். விளிம்பு கூராக இருப்பதால்தான் ஒளி அங்கே சிதறிக் கோடு பளிச்சென்று தெரிகிறது. மழுங்கினால் கண்ணுக்கு மறைகிறது. பிளாஸ்டிக்குக்கு உரிய பாலிஷை மென்துணியில் தொட்டு அழுத்தாமல் தேய்க்கும்போது நடப்பது இதுதான். இதற்கு நம்மிடம் ‘மெருகேற்றல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘நீக்கி’ என்பது விற்கிறவர் சொல், ‘மெருகு’ செய்கிறவர் சொல் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் சிராய்ப்பைக் குறிக்கும் ‘அப்ரேஷன்’, அழிப்பதைக் குறிக்கும் ‘இரேஸ்’, சவரக்கத்தியான ‘ரேசர்’ மூன்றும் சுரண்டுதல் என்ற பொருளுள்ள ‘ராதெரே’ என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. கெடுப்பதும் சுரண்டல், சரிசெய்வதும் சுரண்டல். பற்பசையால் தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வார்களே, அந்தக் குறிப்பும் இந்த இனம்தான். பற்பசையில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா துகள். பிளாஸ்டிக்கில் ஓரளவு மெருகு தரலாம், கூடவே புதுச் சிராய்ப்பும் தரலாம்; பொத்தான் இடுக்கில் புகுந்து உறைந்தால் தனித் தலைவலி. கால்சியம் கார்பனேட் மோஸ் அளவில் ஏறத்தாழ 3 என்பதால் கண்ணாடித் திரையை அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்குச் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூள் வேண்டும். அதைக் கேமராவில் வீட்டிலேயே முயல வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திரை என்ற சொல்லையும் ஒருமுறை தொட்டுவிடலாம். படம் பார்த்தே எடுக்கும் பின்பக்கத் திரை பொதுமக்களின் டிஜிட்டல் கேமராவுக்கு வந்தது 1995-இல், கேசியோ கியூவி-10 வழியாக. ஆனால் தமிழில் ‘திரை’ அலையும் ஆகும், சீலையும் ஆகும், மூப்பில் தோலில் விழும் சுருக்கமும் ஆகும். ‘நரை திரை’ என்கிறோமே, அந்தத் திரை. பழைய கேமராவின் திரையில் திரை விழுந்திருக்கிறது என்றால் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

நிரப்புவதைப் பற்றிச் சொன்னேன். மெல்லிய கோடுகள் மீது ஒட்டுப் படலம் ஒட்டினால், அதன் பசை பள்ளங்களில் இறங்கி ஒளி சிதறுவதைக் குறைக்கும். பாதிக் கோடுகள் தேய்க்காமலே மறையும். மெருகேற்றும் முன் நான் இதைத்தான் முயல்வேன். இதை எல்லோரும் ‘ஸ்கிரீன் கார்டு’ என்கிறார்கள். மெமரி கார்டும் கார்டு, இதுவும் கார்டு. நம் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ‘கேமராவுக்கு ஒரு கார்டு வாங்கி வா’ என்று எழுதி அனுப்பி, வேறொன்று வந்து சேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. ‘திரைக்காப்பு’ என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.