பைக்குள் அடைபட்ட ஈரம்

மூன்று வாரமாகப் பைக்குள் கிடந்த மடக்கு டென்ட்டை, ஒரு கார்த்திகை மாதம் மழை ஓய்ந்ததும் அக்காவும் நானும் பிரித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் செடி விற்க அக்கா வாங்கிய பத்துக்குப் பத்து அடி டென்ட் அது. மேல்துணி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இழுத்தால் பிளாஸ்திரி பிரிகிற சத்தம். தையல் ஓரமெல்லாம் மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள். "மழையில நனைஞ்சுதான் வீணாப் போச்சு" என்றாள் அக்கா.

மழைக்கென்றே நெய்த துணி மழையில் கெடுமா? பாலியெஸ்டர் நூல் தன் எடையில் அரை சதவீத அளவுக்குக்கூட ஈரத்தை உறிஞ்சாது. பருத்தி ஏழெட்டு சதவீதம் குடிக்கும். ஆக நூல் கெடவில்லை. கெட்டது துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் மெல்லிய பாலியூரித்தேன் படலம். நீர் ஒழுகாமல் காப்பது அதுதான். இதில் ஒருவகையின் மூலக்கூறுச் சங்கிலிகளை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கும். நாள்கணக்கில் ஈரம் தங்கினால் நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டும். நீராற்பகுப்பு என்பது இதைத்தான். நீளச் சங்கிலி துண்டு துண்டானால் படலம் பிசுபிசுக்கும், உரியும். வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகி, அடுத்த வெட்டை இன்னும் வேகமாக்கும். ஆசையாக எடுத்து வைத்த ஷூவின் அடிப்பாகம் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் பெரும்பாலும் இதுதான்.

வெப்பம் சேர்ந்தால் நிலைமை மோசம். 10 டிகிரி கூடினால் இதுபோன்ற வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலாளர்களின் தோராயக் கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் டென்ட்டுக்கு ஆகவே ஆகாத இடங்கள்.

சரி, கரும்புள்ளி? அது பூஞ்சை. பாலியெஸ்டர் அதற்கு இரையாவது அரிது. துணியில் ஒட்டிய மண்ணும் தூசியும் எண்ணெயும் போதும். அக்காவின் டென்ட்டில் தொட்டி மண்ணுக்குப் பஞ்சமே இல்லை. தையலில் துணி இரண்டு மூன்று மடிப்பாக இருப்பதால் அங்கேதான் ஈரம் கடைசியாகக் காயும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் முளைக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் புள்ளி போகலாம். கூடவே நிறமும் வெளுக்கலாம், தையல் நூலின் வலுவும் குறையலாம். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், படலத்தை உரசியே உரித்துவிடும்.

அதற்காக உச்சிவெயிலில் நாள் முழுக்கக் காயப்போடவும் கூடாது. புற ஊதாக்கதிர் பாலியெஸ்டரின் சங்கிலிகளையே அறுக்கும். காற்றோடும் நிழலே நல்லது. மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றுங்கள். ஒரே கோட்டில் மடித்தால் படலம் அங்கேயே வெடிக்கும்.

டென்ட் நிற்கும்போது கூரையில் தண்ணீர் தேங்குவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 செ.மீ. ஆழம் நின்றால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. கத்தரிபோல் விரிந்து மடங்கும் மெல்லிய சட்டம் அதைத் தாங்காமல் வளைந்துவிடும். துணியைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவது அதனால்தான்.

இரும்புக் கால்களுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. ஈரத்தோடு அடுக்கி வைத்தால் அதில் வெள்ளைப் பொடி பூக்கும். பூச்சு கரைகிறது என்று பொருள். கடற்கரைக்குக் கொண்டுபோனால் நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, அப்புறம் மடக்குங்கள்.

இப்போதெல்லாம் மழையில் சந்தை முடிந்து வந்தால், அக்கா துணியை மட்டும் கழற்றி மாடிப்படிக் கைப்பிடியில் விரித்துவிடுகிறாள். மறுநாள் தையலை விரலால் நெருடிப் பார்ப்பாள். சில்லென்று பட்டால் இன்னொரு நாளும் அங்கேயே கிடக்கும்.