பீர் காய்ச்சிய சக்கையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள்

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளினிக் மூடுகிற நேரத்தில், நாலு வயது லாப்ரடார் ஒன்றை இரண்டு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு செங்கல் நிறத்தில் தொங்குகிறது, மூச்சு நிற்காமல் இரைக்கிறது, கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. தெர்மாமீட்டர் வைத்தால் 107.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு இயல்பான சூடே 101-லிருந்து 102.5 வரைதான். வெளியே நல்ல குளிர்ந்த காற்று. வெயிலில் ஓடவும் இல்லை, காரில் அடைத்து வைக்கவும் இல்லை. "என்ன சாப்பிட்டது?" என்று கேட்டால், "வழக்கமான சாப்பாடுதான்" என்கிறார் வீட்டுக்காரர். பின்னங்கால் தொடையைப் பிடித்துப் பார்த்தேன், கல் மாதிரி இறுகியிருந்தது. அப்போதுதான் அவர் சட்டையிலிருந்து வந்த வாசனை உறைத்தது. வேகவைத்த பார்லி, கூடவே நார்த்தங்காய்த் தோலைக் கசக்கின மாதிரி ஒரு வாசம்.

"இன்றைக்கு பீர் காய்ச்சினீர்களா?"

மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் கேரேஜில் 5 கேலன் ஐபிஏ (கசப்பு தூக்கலான ஒரு வகை பீர்) காய்ச்சி முடித்திருக்கிறார். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் ஒரு கொடியின் பூ) போட்டு வேகவைத்த துணிப்பையைப் பிழிந்து, கொல்லையில் இருக்கும் உரக்குவியலில் போட்டிருக்கிறார். அதை நாய் தின்றிருக்கிறது. அந்த நாயை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

நான் சியாட்டில் பக்கத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சர்வசாதாரணம். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் வருஷத்துக்கு 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு எங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் விளைகிறது, அதனால் கொல்லைவேலியில் இரண்டு ஹாப்ஸ் கொடி ஏற்றிவிடாத பீர்க்காரரைப் பார்ப்பது அரிது. நம் தமிழ் நண்பர்களிலும் நிறைய பேர் இதில் இறங்கிவிட்டார்கள். யாரையும் காய்ச்சாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. காய்ச்சுகிற வீட்டில் நாய் இருக்கிறதே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பீர் காய்ச்சும்போது இரண்டு விதமான சக்கை மிஞ்சும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் பாதி விபத்து நடக்கிறது. முதலாவது பார்லிச் சக்கை. மால்ட் பார்லியை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, 150 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்பான கஞ்சித்தண்ணீரை வடித்த பிறகு மிஞ்சுவது. இதில் இன்னும் ஹாப்ஸ் சேரவில்லை. இதை அரைத்து நாய்க்கு பிஸ்கட் சுடுகிறவர்கள் உண்டு, ஹாப்ஸ் ஒரு துளிகூடக் கலக்காமல் அன்றைக்கே சுட்டு அளவாகக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாளியோடு வெளியே வைத்து இரண்டு நாள் ஆன பார்லிச் சக்கை வேறு. புளித்து, பூஞ்சை பிடித்து, அதைத் தின்ற நாய் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் ஹாப்ஸ் சக்கை. வடித்த கஞ்சித்தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் ஹாப்ஸ் பூவையோ, பூவைப் பொடித்து அழுத்திய பெல்லட்டையோ போடுவார்கள், கசப்புக்கும் மணத்துக்கும். கொதித்து முடிந்ததும் பையில் மிஞ்சுவதும் பாத்திரத்து அடியில் தங்கும் பச்சை மண்டியும் ஹாப்ஸ் சக்கை. "கசப்பாச்சே, நாய் வாயில வைக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் ஹாப்ஸை முகர்ந்துவிட்டுப் போகிற நாய்கூட இதைத் தின்னும், ஏனென்றால் ஒரு மணி நேரம் சர்க்கரைத் தண்ணீரில் ஊறி வெந்த பண்டம் அது. கொதித்துவிட்டதே, நஞ்சு போயிருக்கும் என்று நினைக்காதீர்கள், போவதில்லை. பீர் நொதித்த பிறகு மணத்துக்காகப் போட்டு எடுக்கிற ஹாப்ஸ் இன்னும் மோசம், அதில் சாராயமும் ஈஸ்ட்டும் சேர்ந்து ஊறியிருக்கும்.

நாயின் உடம்பில் என்ன நடக்கிறது? உயிரணுவுக்குள் உணவு சக்தியாக மாறுகிற இடத்தில், அந்தச் சக்தி வேலைக்குப் பயன்படாமல் முழுக்க வெப்பமாகவே வெளியேறுகிறது என்பது நஞ்சியல் மருத்துவர்களின் கணிப்பு. தசை இறுகும், இறுகின தசை மேலும் சூட்டைக் கிளப்பும். 1997-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது, காய்ச்சி முடித்த ஹாப்ஸைத் தின்ற ஐந்து நாய்களைப் பற்றி. நாலு கிரேஹவுண்ட், ஒன்று கலப்பினம். தீவிர சிகிச்சை கொடுத்தும் நாலு செத்துப்போயின. அதிலிருந்து கிரேஹவுண்டுக்குத்தான் ஆபத்து என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. லாப்ரடார், டாபர்மேன், பார்டர் காலி, கோல்டன் ரிட்ரீவர் எல்லாவற்றுக்கும் இது வரும். இவ்வளவு தின்றால் ஒன்றும் ஆகாது என்கிற அளவு எதுவும் கிடையாது, ஆகவே "கொஞ்சம்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை: காரணமில்லாமல் மூச்சு இரைப்பது, ஒரு இடத்தில் படுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வருவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, வாந்தி. அப்புறம் சூடு ஏறும், வலிப்பு வரும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். சில நாய்க்கு அரை மணியில் தொடங்கிவிடும், சிலதுக்குப் பல மணி நேரம் ஆகும். இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை, அதனால் காய்ச்சல் மாத்திரை கேட்காது. அதுவும் நாம் சாப்பிடுகிற பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்குத் தனியாகவே நஞ்சு. உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். சூடு ஏறியிருந்தால் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, காரில் ஏசியை முழுக்கப் போட்டுக் கிளம்புங்கள். போகிற வழியில் மருத்துவமனைக்கு போன் போட்டு "ஹாப்ஸ்" என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இதற்கு உதவுகிற டான்ட்ரோலீன் என்ற தசை தளர்த்தும் மருந்தை எல்லா கிளினிக்கிலும் வைத்திருக்க மாட்டார்கள், நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர்கள் தேடி எடுக்க வேண்டும்.

கொடி வளர்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பூ முற்றி, கசக்கினால் உள்ளங்கையில் மஞ்சள் மாவு ஒட்டும் பருவத்தில், உதிர்ந்த பூவைத் தரையில் விடாதீர்கள். பச்சைப் பூவும் பாதுகாப்பானதில்லை. ஆனால் என் அனுபவத்தில் தோட்டத்தின் பெரிய ஆபத்து பூ அல்ல, வசந்தத்தில் கிழங்கு நடும்போது செய்வது. மண்ணில் எலும்புத்தூள் கலந்துவிடுகிறார்கள், நாய் அந்த வாசனைக்குத் தோண்டாமல் இருக்காது. இளந்தளிரை நத்தை தின்கிறது என்று நத்தை மருந்து தூவுகிறார்கள். அதில் மெட்டால்டிஹைடு இருந்தால் அதுவும் நடுக்கம், வலிப்பு, கொதிக்கும் சூடு என்று ஏறக்குறைய இதே மாதிரிதான் நாயைக் கொல்லும். இரும்பு பாஸ்பேட் போட்ட நத்தை மருந்து கடையில் பக்கத்திலேயே இருக்கும், அதை எடுங்கள். அதையும் டப்பாவோடு நாய்க்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

இந்த பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். ரெட்மண்டில் இருக்கும் தம்பி, ஊர்க்காரப் பையன். "அக்கா, இவன் ஹாப்ஸ் பெல்லட் பாக்கெட்டக் கிழிச்சிட்டான், இப்பதான் பாத்தேன். நல்லாத்தான் இருக்கான், வாலாட்டுறான். ராத்திரி பாத்துட்டு காலையில கூட்டிட்டு வரட்டா?"

"காலையில வேண்டாம்பா. இப்பவே கிளம்பு, கிழிஞ்ச பாக்கெட்டையும் எடுத்துக்க."

நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டான். அந்த பார்டர் காலி என் கையை நக்கிக்கொண்டு நின்றது, சூடு 102.8. வாந்தி எடுக்க வைக்கும் ஊசி போட்டதும் பச்சைக் கூழாக, முயல் தீவனம் ஊறின மாதிரி, ஒரு கிண்ணம் நிறைய வந்தது. நஞ்சை உறிஞ்சும் மருந்துக்கரி கொடுத்து, டிரிப் ஏற்றி, கால் மணிக்கு ஒரு தடவை சூடு பார்த்தோம். பதினொன்றரைக்கு 104.1 வரை ஏறியது. அவன் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எண்ணைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு மணிக்கு 103, விடியும்போது 101.9. அடுத்த நாள் சாயங்காலம் அது தானாக நடந்து காரில் ஏறியது. காலை வரை காத்திருந்தால் என் கையில் என்ன வந்து சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், செப்டம்பரில் பார்த்ததுதான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெல்லட் எல்லாம் ஃப்ரீசரில், மூடி திருகுகிற டப்பாவில். காய்ச்சுகிற நாளில் நாய் மாடியில் இருக்கும், கேரேஜ் கதவுக்கு உள்பக்கம் தாழ். பாத்திரத்துக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு வெள்ளைப் பலகை: கொதிக்கும் கஞ்சியில் இத்தனை ஹாப்ஸ் பை போட்டது, இத்தனை பை எடுத்தது என்று இரண்டு கட்டம். இரண்டு எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் பைகளை இரண்டு பிளாஸ்டிக் கவரில் முடிந்து, மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, நாயைக் கீழே விடுகிறான்.